பெரிய மாடல் ராக்கெட்டில் பாராசூட் தவறாமல் விரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வார இறுதிகளில் அறுவடை முடிந்த வயல்களிலும் வறண்ட ஏரிப்படுகைகளிலும் கூடி, ஆள் உயர ராக்கெட்டுகளைப் பறக்கவிடும் கிளப்புகள் நிறைய உண்டு. அப்படியொரு கிளப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளும், அவர்களைக் காரில் கூட்டிவரும் அப்பா அம்மாக்களும் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் பாராசூட்டைப் பற்றியவை. சரியான இடத்தில்தான் கேட்கிறார்கள். மோட்டார் கடையில் வாங்கியது, சோதித்துச் சான்று பெற்றது, மேலே கொண்டுபோய்விடும். பத்திரமாகக் கீழே வருவது முழுக்க நம் கைவேலை. இதுவரை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த அளவுக்கு மேல் போனால் "ஹை பவர்"?

மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு, அதாவது தள்ளும் விசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு, 160 நியூட்டன்-விநாடியைத் தாண்டினால் ஹை பவர். மோட்டார் சிறியதாக இருந்தாலும், ராக்கெட் 1,500 கிராமுக்கு மேல் கனத்தாலோ மோட்டாரில் 125 கிராமுக்கு மேல் எரிபொருள் இருந்தாலோ அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிபோலி ராக்கெட்ரி அசோசியேஷன் என்ற இரண்டு சங்கங்கள் சான்று கொடுக்கின்றன. மோட்டார்களைக் கணத்தாக்கு ஏற ஏற ஆங்கில எழுத்து வரிசையில் வகைப்படுத்துவார்கள். எச், ஐ வகை மோட்டார்களுக்கு முதல் நிலை. ஜே, கே, எல் வகைக்கு இரண்டாம் நிலை, அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம், என், ஓ வகைக்கு மூன்றாம் நிலை.

சான்றுக்காகப் பறக்கும்போது ராக்கெட் அழகாக மேலே போனால் மட்டும் பாஸ் ஆகிவிடாது. பாராசூட் விரிந்து, மறுபடி பறக்கிற நிலையில் தரைக்கு வந்து சேர வேண்டும். தோற்றுப்போவதை நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தோற்றது இங்கேதான்.

விரியாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

4 கிலோ எடை, 10 செ.மீ. விட்டம் உள்ள ராக்கெட் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து மூக்கு கீழாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் தடையைக் கழித்த பிறகும் தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டியிருக்கும். அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர். விழும்போது சத்தமும் பெரிதாக இருக்காது, சீட்டியடிப்பது போல ஒரு ஒலிதான். அதனால்தான் திடலில் "மேலே பாருங்கள்!" என்று யாராவது கத்தினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தருகிறோம்.

பாராசூட்டை வெளியே தள்ளுவது எது?

கருமருந்துதான். சில கிராம் கருமருந்து குழாய்க்குள் எரிந்து சூடான வாயுவைக் கிளப்ப, அந்த அழுத்தம் ராக்கெட்டின் முனைக் கூம்பை, அதாவது நோஸ்கோனை, தள்ளிக் கழற்றுகிறது. அதோடு பாராசூட்டும் வெளியே வருகிறது. நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954இல் செய்த மாடல் ராக்கெட்டிலேயே இந்த உத்தி இருந்தது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. எப்போது பற்றவைப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மோட்டாரின் தலையிலேயே மெதுவாக எரியும் தாமதத் துண்டு ஒன்று இருக்கும். அது எரிந்து முடிந்ததும் மருந்து பற்றும். மற்றொன்று, காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடும் ஆல்டிமீட்டர், ஈ-மேட்ச் என்கிற மின்திரி வழியாகப் பற்றவைக்கும்.

மோட்டாரின் தாமதமே போதாதா? ஆல்டிமீட்டர் வாங்கக் காசு அதிகமாகிறதே.

முதல் நிலைக்குப் போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் தாமதம் என்பது கடிகாரம் அல்ல, எரிகிற துண்டு. சுமார் 20 சதவீதம் முன்னே பின்னே போவது சகஜம். 10 விநாடித் தாமதம் 8 விநாடியிலும் முடியலாம், 12 விநாடியிலும் முடியலாம். உச்சியிலிருந்து 2 விநாடி தள்ளினால் ராக்கெட்டின் வேகம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர். 4 விநாடி தள்ளினால் சுமார் 40 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால் விரியும்போது விழும் இழுப்பு நான்கு மடங்காகும். 1.75 மீட்டர் விட்டமுள்ள சாதாரணத் தட்டைப் பாராசூட் 20 மீட்டர் வேகத்தில் விரிந்தால் ஏறத்தாழ 44 கிலோ இழுப்பு. 40 மீட்டர் வேகத்தில் அதே பாராசூட் 175 கிலோவுக்கு இழுக்கும். அட்டைக் குழாயாக இருந்தால் அந்த இழுப்பில், ராக்கெட்டையும் பாராசூட்டையும் இணைக்கும் கெவ்லார் என்ற உறுதியான இழைக் கயிறு குழாயின் வாயிலிருந்து கத்தி போலக் கிழித்துக்கொண்டே இறங்கும். ஜிப்பர் என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், பையின் ஜிப்பைத் திறந்துவிட்டது போல.

ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ராக்கெட்டை எடையோடு உள்ளிட்டுப் பாருங்கள். எடையைக் காகிதக் கணக்கில் போடாமல், பசையும் பெயின்டும் காய்ந்த பிறகு தராசில் வைத்துப் போடுங்கள். எத்தனை விநாடியில் உச்சியைத் தொடும் என்று அது சொல்லும். அதற்கேற்றபடி தாமதத் துண்டைத் துளையிட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கட்டமாகப் பாராசூட் விடுவது ஏன்?

காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான். 1,500 மீட்டர் உச்சியில் பெரிய பாராசூட்டைத் திறந்து, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தரைக்கு வர 250 விநாடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 1,250 மீட்டர் தள்ளிப் போய் விழும். அடுத்தவர் சோளக் காட்டில் தேட வேண்டியதுதான். உச்சியில் ட்ரோக் என்ற சின்னப் பாராசூட்டை மட்டும் விட்டு 25 மீட்டர் வேகத்தில் இறக்கி, 200 மீட்டர் உயரத்தில் மெயின் என்ற பெரிய பாராசூட்டைத் திறந்தால் மொத்தமே 85 விநாடி. காற்று 425 மீட்டர்தான் நகர்த்தும்.

லாபத்தோடு பொறுப்பும் கூடுகிறது. பிரிய வேண்டிய இடம் ஒன்றாக இருந்தது இப்போது இரண்டு. இரண்டும் அதனதன் நேரத்தில் பிரிய வேண்டும். அதைவிட முக்கியம், நேரம் வராமல் பிரியக் கூடாது.

எவ்வளவு மருந்து போடுவது?

கணக்கு எளிது. பாராசூட் இருக்கும் அறையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து அதையே அதனோடு பெருக்குங்கள், நீளத்தால் பெருக்குங்கள், பிறகு 0.006ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கிராம். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தரும் அளவு இது. நான்கு எஃப் என்று குறிக்கப்படும் மிக நுண்ணிய ரகக் கருமருந்துக்கான கணக்கு. கரடான ரகத்துக்கும் கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்றுப் பொடிகளுக்கும் இது பொருந்தாது.

4 அங்குல விட்டம், 16 அங்குல நீளம் என்றால் 4 × 4 × 16 × 0.006, சுமார் ஒன்றரை கிராம். டீஸ்பூனில் பாதிகூட நிறையாது. ஆனால் நோஸ்கோனின் அடித்தட்டில் 12.6 சதுர அங்குலப் பரப்பில் அந்த அழுத்தம் விழும்போது தள்ளும் விசை சுமார் 85 கிலோ. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. சோதனையில் ஒரு முறை பார்த்தால் போதும்.

கணக்கில் வரும் எண் தொடக்கம்தான். குழாயும், இரண்டு குழாய்களை இணைக்கும் உள்குழாயான கப்ளரும் சேரும் இடத்தில் வாயு கசியலாம், உராய்வு கூடக் குறைய இருக்கலாம். அதனால் தரைச் சோதனையில் சரிபார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்தைக் கண்ணால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை கையாளவே வேண்டாம்.

ஷியர் பின் கட்டாயமா?

இரண்டு கட்டப் பாராசூட் என்றால் என்னைப் பொறுத்தவரை கட்டாயம். ஷியர் பின் என்பது குழாயையும் நோஸ்கோனையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனான நைலான் திருகு. மருந்து வெடித்ததும் அறுந்துவிடும், அதுவரை பிடித்துக்கொண்டிருக்கும். உச்சியில் ட்ரோக் வெளியே போகும்போது ராக்கெட் பாதியாகப் பிரிந்து கயிற்றின் முடிவில் வெடுக்கென்று நிற்கும். அந்த வெடுக்கில் கனமான நோஸ்கோன் தன் வேகத்திலேயே கழன்று மெயினையும் இழுத்துப் போட்டுவிடும். பின் இருந்தால் அது நடக்காது. ஒவ்வொரு பின்னும் ஏறத்தாழ 12 முதல் 16 கிலோ வரை தாங்கும். மூன்று போட்டால் அதிகபட்சம் 50 கிலோ. மேலே பார்த்த 85 கிலோ அதை அறுத்துத் தள்ளிவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தரையில் மூடிய குழாய்க்குள் தரைமட்டத்துக் காற்று அடைபட்டிருக்கிறது. 3,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் 70 சதவீதம்தான். உள்ளே இருக்கும் காற்று அதே 4 அங்குல நோஸ்கோனைச் சுமார் 25 கிலோ விசையோடு வெளியே தள்ளும். பின் போதாவிட்டால் மருந்து பற்றாமலே அறை திறந்துகொள்ளும். பாராசூட் அறையின் சுவரில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

தரைச் சோதனையை எப்படிச் செய்வது? ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எதைப் பறக்கவிடப் போகிறீர்களோ அதையே சோதிக்க வேண்டும். அதே பாராசூட், அதே மடிப்பு, பாராசூட்டை மருந்தின் சூட்டிலிருந்து காக்கும் அதே நோமெக்ஸ் துணி, அதே கயிறு, அதே எண்ணிக்கை ஷியர் பின், அதே மருந்து. காலிக் குழாயில் மருந்தைப் பற்றவைத்து நோஸ்கோன் பறந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுவது சோதனையே அல்ல. ஆல்டிமீட்டரை எடுத்து வைத்துவிட்டு, ஈ-மேட்சின் கம்பியை நீளமான வயரில் இணைத்து, குறைந்தது 15 மீட்டர் தள்ளி நின்று பற்றவையுங்கள். ராக்கெட்டைப் பழைய மெத்தை மேலோ மண்மூட்டை நடுவிலோ படுக்க வையுங்கள். அதன் முன்னாலும் பின்னாலும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சரியாக அமைந்தால் "டப்" என்று ஒரு அமுங்கிய சத்தம், தீபாவளிக் காலை வாசனை, பாராசூட்டில் தூவிய டால்கம் பவுடரின் புகை, நோஸ்கோன் கயிறு நீளும் வரை போய் விழும். பாராசூட் மொத்தமாகக் குழாய்க்கு வெளியே கிடக்க வேண்டும். பாதி உள்ளே பாதி வெளியே என்றால் தோல்வி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயிறு விண்ணென்று தெறித்து நோஸ்கோன் திரும்பி வந்து இடித்தால் மருந்து அதிகம். பாராசூட்டை எடுத்துப் பார்த்துத் துணியில் எரிந்த துளை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

புதிய ராக்கெட்டுக்குக் கட்டாயம். பிறகு பாராசூட்டையோ, கயிற்றையோ, பின் எண்ணிக்கையையோ, அறையின் நீளத்தையோ மாற்றினாலும் கட்டாயம். "போன முறை வேலை செய்ததுதானே" என்கிற பேச்சு இங்கே எடுபடாது. சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்து வந்த நாசாவின் ஜெனிசிஸ் கலம் 2004 செப்டம்பர் 8 அன்று யூட்டா பாலைவனத்தில் பாராசூட் விரியாமல் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மண்ணில் மோதியது. பாராசூட்டில் ஒரு குறையும் இல்லை. வேகம் குறைவதை உணர்ந்து அதைத் திறக்கச் சொல்ல வேண்டிய சென்சார்கள் வரைபடத்திலேயே தலைகீழாக இருந்தன. அதற்கு முன்பே நாசா ஏவியிருந்த ஸ்டார்டஸ்ட் கலத்தின் வடிவமைப்பிலிருந்து வந்ததுதானே என்ற நம்பிக்கையில், அந்தத் தவறைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சோதனை நடக்கவில்லை. ஸ்டார்டஸ்ட் 2006 ஜனவரியில் அதே யூட்டாவில் பத்திரமாக இறங்கியது. அத்தனை பெரிய அமைப்புக்கே இது நடக்குமென்றால் நம் கொல்லைப்புறத்தில் ஒரு மாலை நேரத்தைச் சோதனைக்குக் கொடுப்பது பெரிய விஷயம் அல்ல.

ஆல்டிமீட்டரையும் தனியாகச் சோதிக்கலாம். ஈ-மேட்ச் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன பல்பை இணைத்து, காற்றுப் புகாத கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, கைப்பம்பால் காற்றை உறிஞ்சுங்கள். மேலே போவதாக அது நினைத்துக்கொள்ளும். உறிஞ்சுவதை நிறுத்திக் காற்றை மெல்ல உள்ளே விட்டால் உச்சியில் ஒரு பல்பும், நீங்கள் அமைத்த உயரத்தில் மற்றதும் எரிய வேண்டும். ட்ரோக்குக்கான வயரை மெயினில் மாட்டியிருந்தால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

நோஸ்கோன் கழன்றும் பாராசூட் உள்ளேயே மாட்டிக்கொள்வது ஏன்?

எனக்கே நடந்தது. என் முதல் ஜே மோட்டார் ராக்கெட். உச்சியில் ட்ரோக் வந்தது, 200 மீட்டரில் மெயின் மருந்தும் பற்றியது, புகை தெரிந்தது, நோஸ்கோன் தொங்கியது. மெயின் வரவில்லை. ட்ரோக்கின் வேகத்திலேயே வந்து விழுந்து ஒரு துடுப்பு முறிந்தது. ஓடிப்போய்க் குழாய்க்குள் பார்த்தேன். நோமெக்ஸ் துணியின் ஒரு மூலை பாராசூட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு அடித்தது போல மடிந்து இறுகியிருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தேன், வரவில்லை. கையால் வராதது காற்றால் எப்படி வரும்? அன்று காலையில் சரியாக நுழையவில்லை என்று கட்டை விரலால் அழுத்தித் திணித்தது நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். பாராசூட்டை உள்ளே வைத்ததும் குழாயைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குவேன். தன் எடையிலேயே வழுக்கி வெளியே வர வேண்டும். வராவிட்டால் மடிப்பைப் பிரித்து மறுபடி மடிப்பேன், அல்லது சிறிய பாராசூட் தேடுவேன்.

மடிக்கும்போது துணியைப் பாய் போல விரித்து, கீற்றுக் கீற்றாக மடித்துச் சேர்த்து, கயிறுகளை அதன் நடுவில் வளைத்து வளைத்து இடுங்கள். கயிறுகளைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், சுற்று அவிழ்வதற்குள் தரை வந்துவிடும். டால்கம் பவுடர் ஒரு பிடி தூவுங்கள். முதல் நாள் இரவே மடித்து அப்படியே விட்டுவிட வேண்டாம். குளிரில் நைலான் மடிந்த வடிவத்திலேயே படிந்துவிடும். கிளம்பும் காலையில் மடிப்பது நல்லது. நோமெக்ஸ் துணி மருந்து இருக்கும் பக்கம் பாராசூட்டைப் போர்த்தியிருக்க வேண்டும். எரியாத செல்லுலோஸ் பஞ்சு போட்டாலும் சரி. வெறும் காகிதம் வேண்டாம். எரிந்துகொண்டே காய்ந்த புல்லில் விழும்.

ஆல்டிமீட்டர் அறையில் துளை எதற்கு, எவ்வளவு பெரிதாக?

வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே தெரிந்தால்தான் ஆல்டிமீட்டருக்கு உயரம் தெரியும். 100 கன அங்குலக் கொள்ளளவுக்குக் கால் அங்குலத் துளை ஒன்று என்பது நடைமுறைக் கணக்கு. 4 அங்குல விட்டம், 8 அங்குல நீள அறை சரியாக அந்த அளவு. ஒரே துளையைவிடச் சம இடைவெளியில் மூன்று துளை நல்லது, பக்கக் காற்றின் தாக்கம் சமமாகிவிடும். அப்போது ஒவ்வொன்றும் 3.5 முதல் 4 மி.மீ. போதும். துளையின் விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. நோஸ்கோன் சேரும் இடத்துக்கும் ராக்கெட்டை ஏவுமேடைத் தண்டவாளத்தில் பிடித்துக்கொள்ளும் பொத்தானுக்கும் நேர் பின்னால் போடாதீர்கள், அங்கே காற்று குழம்பியிருக்கும்.

பாராசூட் அறையிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் அறைக்கு வயர் வரும் ஓட்டையைப் புட்டியால் அடைத்துவிடுங்கள். ட்ரோக் மருந்தின் வாயு அது வழியாக உள்ளே வந்தால், ஆல்டிமீட்டர் திடீரென்று தரைக்கு வந்துவிட்டதாக நினைத்து உச்சியிலேயே மெயினையும் விட்டுவிடும். சில அழுத்த சென்சார்கள் வெயில் நேராகப் பட்டாலே தப்பாகக் காட்டும். அறை இருட்டாக இருக்கட்டும்.

பேட்டரியில் என்ன கவனிக்க வேண்டும்?

புதிய பேட்டரி போடுங்கள், மின்னழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். ஸ்பிரிங் பிடிமானத்தை நம்பாதீர்கள். மோட்டார் கிளம்பும் வேகத்தில் பேட்டரி அரை மில்லிமீட்டர் நகர்ந்து ஒரு கணம் தொடர்பு அறுந்தால் ஆல்டிமீட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், எங்கே இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. ஜிப் டை போட்டு இரண்டு திசையிலும் கட்டுங்கள். ஒவ்வொரு வயரையும் திருகில் மாட்டிய பிறகு பிடித்து இழுத்துப் பாருங்கள். விரலோடு வந்துவிடும் வயரை வீட்டு மேசையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு ஆல்டிமீட்டர் வைத்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகுமா?

இரண்டுக்கும் தனித்தனிப் பேட்டரி, தனி ஸ்விட்ச், தனி ஈ-மேட்ச், தனி மருந்து இருந்தால் பாதுகாப்பு கூடும். ஒரே பேட்டரியில் இரண்டையும் மாட்டினால் அது இரண்டு அல்ல. மூன்றாம் நிலைச் சான்றுக்கு இப்படித் தனித்தனியான இரட்டை அமைப்பு விதியாகவே இருக்கிறது. இரண்டாவதை உச்சிக்கு ஒன்று இரண்டு விநாடி கழித்தும், மெயினுக்குச் சுமார் 30 மீட்டர் கீழேயும் அமையுங்கள். இரண்டு மருந்தும் ஒன்றாகப் பற்றினால் குழாய் கிழியும். முதல் மருந்தால் முடியாததை முடிக்க வேண்டியது என்பதால், இரண்டாவதில் கால் பங்கு மருந்து கூட்டுவது வழக்கம்.

ஆனால் இரண்டு ஆல்டிமீட்டரும் சேர்ந்தாலும் இறுகத் திணித்த பாராசூட்டைக் காப்பாற்றாது.

கயிறும் கொக்கியும்?

கயிறு ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு இருக்கட்டும். நீளம் இருந்தால் வேகம் குறைந்த பிறகுதான் கயிறு விறைக்கும். கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து இடையிடையே மாஸ்கிங் டேப் சுற்றினால், ஒவ்வொரு டேப்பும் கிழியும்போது கொஞ்சம் இழுப்பை வாங்கிக்கொள்ளும். கயிற்றைக் கட்டும் வளையமான கண்போல்ட்டில், கம்பியை வளைத்துச் செய்த வாய் திறந்த ரகத்தை வைக்கவே கூடாது, இழுப்பில் வாய் பிளந்துவிடும். வார்த்ததோ வெல்டிங் செய்ததோ வாங்குங்கள், அல்லது யு-போல்ட் போடுங்கள்.

எவ்வளவு பெரிய பாராசூட்?

4 கிலோ ராக்கெட் நொடிக்கு 6 மீட்டரில் இறங்கத் தட்டைப் பாராசூட் என்றால் ஏறத்தாழ 1.75 மீட்டர் விட்டம். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்று பத்துச் சதவீதத்துக்கு மேல் லேசு, இறங்கும் வேகம் ஐந்தாறு சதவீதம் கூடும். வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும். பெரியது பாதுகாப்பு என்று நினைத்துக் குழாய்க்குள் அடங்காததை வாங்காதீர்கள்.

ரொம்ப உயரம் போனால் மருந்து பற்றாது என்கிறார்களே?

உண்மை. 6,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிக்கும் கீழே. தளர்வாக இருக்கும் கருமருந்தில் கொஞ்சம் எரிந்து, மீதி எரியாமலே சிதறிவிடும். ரப்பர் குழாயில் இறுக்கி அடைத்துக் கட்டுவார்கள், அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் துளைக்கும் அமைப்பை வைப்பார்கள். இது உச்சியில் திறக்கும் ட்ரோக்குக்கு மட்டும்தான் பிரச்சினை. மெயின் தாழ்வாகத் திறப்பதால் அதற்கு வழக்கமான மருந்தே போதும்.

ஆல்டிமீட்டரை எப்போது ஆன் செய்வது?

ஏவுமேடையில் ராக்கெட் நிமிர்ந்து நின்ற பிறகு மட்டும். படுத்திருக்கும்போது வேண்டாம், காரில் வேண்டவே வேண்டாம். ஆன் செய்ததும் பீப் சத்தத்தை எண்ணுங்கள். ட்ரோக், மெயின் இரண்டிலும் தொடர்பு இருக்கிறது என்று அது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆஃப் செய்து ராக்கெட்டை இறக்கிவிடுங்கள். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் பரவாயில்லை. மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை இதற்கெல்லாம் பிறகுதான் நுழைக்க வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் என் தம்பி இதைக் கற்க ஆசைப்படுகிறான். முடியுமா?

கருமருந்தும் மோட்டாரும் அங்கே வெடிபொருள் சட்டத்துக்குள் வருகின்றன. இங்கே வாங்கிய சான்று அங்கே அனுமதிச் சீட்டு ஆகாது. கல்லூரி அணி வழியாக முறையான அனுமதியோடு செய்வதே வழி. ஆனால் பாராசூட் தைப்பது, மடிப்பது, எலக்ட்ரானிக்ஸ் அறை கட்டுவது, ஜாடிக்குள் ஆல்டிமீட்டரைச் சோதிப்பது ஆகியவற்றுக்கு ஒரு துளி மருந்தும் வேண்டாம். வீட்டிலேயே கற்கலாம், கற்க வேண்டியதில் பெரும்பகுதி அதுதான்.

விரியாமல் விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஓடிப்போய்த் தூக்காதீர்கள். பற்றாத மருந்து உள்ளே இருக்கலாம், ஆல்டிமீட்டர் இன்னும் உயிரோடு இருக்கலாம். பக்கவாட்டில் வந்து, குழாயின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். அது உடைந்திருந்தால் பேட்டரி வயரை வெட்டுங்கள். விழுந்து கிடக்கிற கோலத்தை நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு மருந்தை அடைத்து வைத்திருந்த சின்னக் குப்பிகளைப் பாருங்கள். வெந்து கறுத்திருந்தால் மருந்து பற்றியிருக்கிறது, குற்றம் மடிப்பிலோ பின்னிலோ மருந்தின் அளவிலோ. குப்பி சுத்தமாக இருந்தால் பேட்டரி, வயர், ஈ-மேட்ச், காற்றுத் துளை என்று அந்த வழியில் தேடுங்கள். ஆல்டிமீட்டர் பிழைத்திருந்தால் அதன் பதிவை இறக்கிப் பாருங்கள். எந்த விநாடியில் எந்தப் பக்கம் மின்சாரம் அனுப்பியது என்று எழுதியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்வதற்கு முன்னால், திடலிலேயே இதை முடித்துவிடுங்கள்.